சக்கர வீட்டின் பின்பாரம்

தேவகியைக் கொன்றவன் நான்.

பாடாங் செராயில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். ஆட்டுக்கல் கொன்றது என்பார்கள். பெற்றவளின் பிடிவாதம் கொன்றது என்று கொஞ்சம் தணிந்த குரலில் சொல்வார்கள். "டிரைவர் அந்தோணி அன்னைக்கே தலபாடா அடிச்சிக்கிட்டான், கேக்கல லா" என்று என் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கதையில் நான் நல்லவன். இத்தனை வருடங்களும் நான் நல்லவனாகவே இருந்துவிட்டேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் சொல்ல வருகிறது. அழுதுகொண்டு சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்... அழுகை வருவதில்லை. மரத்துப்போன காலில் முள் குத்தினால் எப்படியோ அப்படி இருக்கிறது. குத்துவது தெரிகிறது. வலிக்கவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். வண்டி புரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லோரி ஓட்டினேன். பட்டறையில் பழுதும் பார்த்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் தோட்டத்துத் துரை குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். போகிற அவசரத்தில் தன் சக்கர வீட்டை விட்டுவிட்டுப் போனார். சக்கர வீடு என்பது நாங்கள் வைத்த பெயர். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. இரண்டு சக்கரம், பலகைச் சுவர், தகரக் கூரை, பக்கத்துக்கொரு கண்ணாடிச் சன்னல், பின்னால் கண்ணாடி பதித்த கதவோடு ஒரு வாசல். வாசலின் இரண்டு பக்கமும் மூடி போட்ட பெட்டிப் பலகை. உட்காரலாம், உள்ளே சாமான் வைக்கலாம். லீவு நாளில் துரையும் துரைசானியும் பிள்ளைகளோடு அதில் கடற்கரைக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். அவர்கள் போன பிறகு, ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்தின் பக்கத்தில் நின்றது. உள்ளே கோழிகள் அடைந்தன.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய எங்கள் கிராணியார் சபாபதியைச் செர்டாங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். ஜப்பான்காரன் வைத்த மேலாளர் ஒருவர் அப்போது இருந்தார். லோரியில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளைச் செர்டாங் கிடங்குக்குக் கொண்டுபோ, லோரியில் வேறு சாமானுக்கு இடமில்லை, கிராணி குடும்பம் வேண்டுமானால் துரை வண்டியில் பின்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

கிராணியார் பட்டறைக்கு வந்தார். காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தார். பயந்த மனிதர். இலை விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பார்.

"அந்தோணி, நம்ம கரி லோரி இத இழுக்குமா?"

"ஜோடி சேந்தா இழுக்கும் ஐயா. பாத்துச் சொல்றேன்."

ஜோடி சேர்ப்பது! அந்த வேலையில் எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால்... சரி, இருந்தது. எதை எதோடு மாட்டினால் ஓடும் என்று என்னைவிடத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் கிடையாது. லோரியின் பக்கவாட்டில் ஒரு கரி உலையைப் பொருத்தியிருந்தோம். மரக்கரியை எரித்து, அதன் புகையைக் குழாய் வழியாக இஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டுவது. ஓடும். ஆனால் பலம் பாதிதான். மேடு வந்தால் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட லோரிதான் ஷீட்டுகளையும் சுமந்துகொண்டு ஒரு வீட்டையும் இழுக்க வேண்டும். துரையின் வண்டிக்குச் சொந்தமாக பிரேக் இல்லை. லோரியின் பிரேக்தான் இரண்டையும் பிடிக்க வேண்டும். உயரமும் ஒத்துவரவில்லை. சக்கர வீடு காருக்காகச் செய்தது, அதன் முன்கம்பி தாழ்வாக இருந்தது. அதை நாங்கள் மூக்கு என்போம். லோரியின் கொக்கியோ என் இடுப்புயரம். அப்படியே மாட்டினால் வீடு மல்லாந்து, பாரமெல்லாம் பின்னால் போய்விடும்.

புகைக்கூடத்து இரும்பை வெட்டி, வளைத்து, லோரியின் அடியில் ஒரு தாழ்ந்த கொக்கி செய்தேன். டயரில் பொத்தல் இருந்த இடங்களில் ஷீட்டை வைத்து ஒட்டினேன். ஐந்து நாள் வேலை. பிறகு சோதனை.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இழுவண்டியில் எத்தனை பாரம் என்பது பாதி விஷயம்தான். எங்கே பாரம் என்பது மீதிப் பாதி. பாரம் முன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது மூக்கு கொக்கியை அழுத்திக்கொண்டு, லோரி போகிற வழியில் ஒழுங்காகப் பின்னால் வரும். பாரம் பின்னால் கூடினால் மூக்கு லேசாகிவிடும். வண்டி வால் ஆட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடி, கடைசியில் வண்டிதான் லோரியை இழுக்கும்.

பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கொக்கியில் மாட்டுவதற்கு முன் மூக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஒருவன் ஒரு கையால் தூக்கினால் அது எழக்கூடாது. இரண்டு பேர் முக்கித் தூக்கினால் எழ வேண்டும். அவ்வளவுதான். அது தவறியதே இல்லை.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆண்கள் குறைந்துபோயிருந்தார்கள். ரயில் பாதை போட ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பவில்லை. அதனால் பால் வெட்டும் பெண்களைக் கூப்பிட்டேன். வண்டிக்குள் அவர்களை நிற்க வைத்து ஃபேக்டரியைச் சுற்றி வந்தேன். பின்வாசல் ஓரத்தில் இரண்டு பேரை நிறுத்தி மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் எழவில்லை. அந்த இரண்டு பெண்களின் எடை ஓர் ஆட்டுக்கல்லைவிட அதிகம். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததில்லை.

"இழுக்கும் ஐயா, நான் பொறுப்பு" என்று கிராணியாரிடம் சொன்னேன்.

இனி அரிசி.

என் மனைவி மரியாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று வந்த வீக்கம் அது. லயத்தில் அந்த வீக்கம் வந்த ஏழு பேரில் ஐந்து பேரைப் புதைத்திருந்தோம். செர்டாங்கில் ஒரு கடைக்காரரிடம் அதற்கு ஊசி மருந்து இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆள் விட்டுக் கேட்டேன். இரண்டு மூட்டை அரிசி கொண்டு வா, மருந்து தருகிறேன் என்றார். அரிசியை அனுமதி இல்லாமல் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது அப்போது உயிர் போகிற குற்றம்.

வயல்காட்டுப் பக்கம் எனக்கு ஒரு மலாய்க்காரச் சிநேகிதர் இருந்தார். பழைய லோரி டயரை வெட்டிச் செருப்பு செய்து கொடுப்பேன். அவர் கம்பத்தில் ஊருக்கே என் செருப்புதான். அவர் நெல் குத்தி அரிசி கொடுத்தார். இரண்டு மூட்டை கேட்டேன். நாலாக எடுத்துக்கொள் என்றார்.

எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மூட்டை மரியாவின் காலுக்கு. மற்ற இரண்டு? அதற்கு நான் என்ன பெயர் வைப்பது? செர்டாங்கில் அரிசிக்குத் துணி கிடைக்கும், சவர்க்காரம் கிடைக்கும், சிகரெட் கிடைக்கும் என்று கேள்வி. சிகரெட் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் ரேஷனுக்கு வரிசையில் நின்ற நேரம் பார்த்து, பின்வாசலின் இரண்டு பக்கத்துப் பெட்டிகளுக்குள்ளும் இரண்டிரண்டு மூட்டைகளை இறக்கினேன். மூடியை ஆணி அடித்து மூடினேன். வேறு இடம் இல்லை. முன்னால் வைத்தால் கண்ணில் படும். பாரம் தப்பான இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கிராணியாரின் டிரங்குப் பெட்டிகள், மரவள்ளி மூட்டை, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் முன்பக்கம் ஏற்றினேன். தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் கொஞ்சம் எழப் பார்த்தது. எழவில்லை. போதும் என்று நினைத்தேன்.

காலையில் கிராணியாரின் மனைவி கமலம் அக்கா ஆட்டுக்கல்லோடு வந்தார்.

வந்தார் என்றால், இரண்டு பெண்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள், அக்கா பின்னால் கைக்குழந்தையோடு வந்தார். கிராணியாரின் ஒரே மகள் தேவகி குழவியைத் தூக்க முடியாமல் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். ஒன்பது வயது. முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது. அந்தக் கல் அரிசியைக் கண்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கேழ்வரகு ஆட்டுவார், இல்லாவிட்டால் கிழங்கு.

கல்லைப் பின்வாசலுக்குள் வைக்கச் சொன்னார் அக்கா.

"அக்கா, அங்க வேணாம். முன்னால வெச்சிக்கலாம்."

"அதெல்லாம் ஆகாது தம்பி. எங்க வீட்டுல புது எடத்துக்குப் போனா கல்லுதான் மொதல்ல எறங்கணும். கல்ல வெச்சிட்டுத்தான் அடுப்பே மூட்டுவோம். முன்னால போட்டா மொதல்ல எப்படி எறக்குறது?"

"எறங்குறப்ப நானே எடுத்துத் தரேன்க்கா."

"மத்த சாமான மிதிச்சிக்கிட்டா? வேணாம்பா. இந்தக் காலத்துல போற எடமாவது வெளங்கட்டும்."

நான் குரலை உயர்த்தினேன். பின்னால் பாரம் ஏற்றக்கூடாது, வண்டி ஆடும், கவிழும் என்று கைகளை ஆட்டிச் சொன்னேன். லயத்துப் பெண்கள், வாட்ச்மேன், மேலாளரின் ஆள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா அசையவில்லை. கிராணியார்தான் சலித்துக்கொண்டார்.

"அந்தோணி, ஒரு கல்லுதானே, விடு. நீதானே பொறுப்புன்னு சொன்ன."

நான் ஏன் அப்படிக் கத்தினேன் தெரியுமா? கல்லால் ஆபத்து என்றா? கல்லை மட்டும் அந்த வண்டி தாங்கும். இரண்டு பெண்களை அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தவன் நான்! என் மூட்டைகளுக்கு மேல் கல்லும் சேர்ந்தால்தான் தாங்காது. என் அரிசிக்காக அவர் வழக்கத்தை மாற்றச் சொன்னேன். அதை எல்லோரும் ஓர் அனுபவசாலியின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல் ஏறியது. வாசல் மூடியது. கரி உலையில் நெருப்பு பிடித்து உறும ஆரம்பித்திருந்தது. நான் குனிந்து மூக்கைப் பிடித்தேன்.

ஒரு கையால் எழுந்தது.

சிரமமில்லாமல், ஒரு குடத்தைத் தூக்குவதுபோல எழுந்தது. அதைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது ஒரு டிரைவர் குனிந்து வண்டியை மாட்டுவதை. அதன் அர்த்தம் அந்த இடத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுகூட வழி இருந்தது. இஞ்சினில் கோளாறு, நாளைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தோட்டத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மாலை ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு மூட்டையை இறக்கியிருக்கலாம். தோன்றாமல் இல்லை... தோன்றியது. மெதுவாகப் போய்விடலாம் என்று அதற்கு மேலே இன்னொன்று தோன்றியது. கொக்கியில் மாட்டிப் பூட்டு ஊசியைச் செருகினேன்.

"ஐயா, நீங்களும் பிள்ளையும் முன்பக்கமா உக்காருங்க. எழுந்திரிக்கவே கூடாது."

"டிரைவர் மாமா, பின்வாசக் கண்ணாடியில வெளிய பாக்கலாமா?" என்று தேவகி கேட்டாள்.

"கூடாது."

அக்கா கைக்குழந்தையோடு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கூலிம் ஊருக்கு முன்னால் காவல் சாவடி. எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். தேவகி பள்ளிக்கூடத்தில் படித்த ஜப்பான் மொழியில் காலை வணக்கம் சொன்னாள். காவலுக்கு நின்ற சோல்ஜர் சிரித்துவிட்டான். சக்கர வீட்டுக்குள் ஏறி, சன்னலைத் திறந்து மூடிப் பார்த்தான். பெட்டிப் பலகையில், என் அரிசியின் மேல் உட்கார்ந்து, உடம்பைக் குலுக்கினான். கல்லைக் காட்டி என்னவோ கேட்டான். அக்கா கையால் ஆட்டிக் காட்டினார். மறுபடி சிரித்தான். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அந்தக் குடும்பத்தை வைத்துத்தான் நான் அந்தச் சாவடியைத் தாண்டினேன். பிள்ளை இல்லாத வண்டியை அப்படி விட்டிருக்க மாட்டான். அதுவும் என் மனதில் முன்பே இருந்ததா? இருந்தது.

சாவடி தாண்டியதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூக்கைப் பற்றிய நினைப்பும் அதோடு போய்விட்டது.

கூலிமுக்கு அப்பால் சாலை ஏறி இறங்கி ஏறும். முதல் மேட்டில் பாதியில் லோரி நின்றுவிட்டது. இறங்கிக் கரியைக் கிளறி, ஊதி, மறுபடி கிளப்ப ஒரு மணி நேரம் ஆனது. கரி லோரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் அடக்க மாட்டோம். கியரைக் கழற்றி ஓட விடுவோம். அந்த ஓட்டம் இருந்தால்தான் அடுத்த மேட்டில் ஏற முடியும். பெட்ரோல் வண்டிக்காரனுக்கு அந்தத் தப்பு செய்யத் தேவை இருக்காது. எங்களுக்கு அதுதான் ஓட்டும் முறையாகவே ஆகிவிட்டது.

மேட்டின் உச்சி வந்தது. எதிரே இறக்கம். அதற்கப்பால் இன்னொரு மேடு தெரிந்தது. என் கை பழக்கத்தில் கியரைக் கழற்றியது.

பாதி இறக்கத்தில் ஸ்டீரிங்கில் ஒரு சின்ன உதறல். பிறகு லோரியின் பின்பக்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது.

"தம்பி, என்ன இப்படி ஆடுது?" என்றார் அக்கா.

நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்திருக்கக் கூடாது. பின்னாலிருந்து அந்த வீடு தள்ளியது. கண்ணாடியில் ஒரு கணம் அதன் சன்னலை முழுதாகப் பார்த்தேன். பின்னால் இருக்க வேண்டியது எங்களுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதற்குப் பிறகு இரும்பு முறுக்கிக்கொள்ளும் சத்தம். லோரி வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்து நின்றது. கரி உலை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

கிராணியார் உயிரோடிருந்தார். முன்பக்கம் இருந்ததால் ஒரு கை உடைந்ததோடு போயிற்று. தேவகி முன்பக்கம் இல்லை. பின்வாசல் கண்ணாடியில் சாலை பின்னால் ஓடுவதைப் பார்க்க எழுந்து போயிருக்கிறாள். வாசல் திறந்து வெளியே விழுந்திருக்கிறாள். அவள்மேல் வண்டி புரண்டிருந்தது.

சுவரைத் தூக்கினேன். தனியாகத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. பயனில்லை.

ஆட்டுக்கல் பத்தடி தள்ளி, வாய்க்கால் புல்லில், யாரோ எடுத்து வைத்ததுபோல் நேராக உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. அது பிள்ளையைத் தொடக்கூட இல்லை.

அக்கா மடியில் மகளை வைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கல்லாலயா தம்பி?"

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெட்டி மூடியைத் திறப்பார்கள் என்று பயந்தேன். அந்த நேரத்தில் என் கண் எங்கே போனது தெரியுமா? பிள்ளையிடம் இல்லை, மூடியிடம் போனது. நன்றாக அடித்த ஆணி. பெட்டி உடையவில்லை, ஓர் அரிசிகூடச் சிந்தவில்லை.

நான் அக்காவிடம் சொன்னேன்: "நான் அப்பவே சொன்னேனே அக்கா."

இதுதான் என் குற்றம். மூட்டை வைத்தது, மூக்கு எழுந்தும் மாட்டியது, இறக்கத்தில் ஓட விட்டது, இவையெல்லாம் பசியும் பேராசையும் பழக்கமும் செய்தவை என்று யாராவது எனக்காகப் பேசலாம். இந்த வார்த்தைக்கு யார் பேசுவார்? என்னைக் காப்பாற்றிக்கொள்ள, மடியில் பிணத்தோடு இருந்தவளின் தலையில் பழியைத் தூக்கி வைத்தேன். அவர் மறுக்கவில்லை. தலையை ஆட்டினார். பிறகு தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தார். ஓடி வந்தவர்கள்தான் கையைப் பிடித்தார்கள்.

அவர்கள் கேட்டார்கள், கல்லைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கிராணியாரையும் அக்காவையும் குழந்தையையும் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மாட்டு வண்டியில் செர்டாங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தேவகியை அங்கேயே, முன்பின் தெரியாத தோட்டத்தின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் உடைந்த வண்டியை எடுத்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். ஆணியைப் பிடுங்கினேன். நான்கு மூட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன.

செர்டாங்குக்குக் கொண்டுபோனேன். இரண்டு மூட்டைக்கு ஊசி மருந்து கிடைத்தது. மூன்றாவதற்குத் துணியும் சவர்க்காரமும் சிகரெட்டும் கிடைத்தன. மரியாவின் கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. அவள் பிழைத்தாள், எனக்கு மூன்று பிள்ளைகள் பெற்றாள். அந்தச் சிகரெட்டைப் பிடித்தேனா என்று கேட்கிறீர்களா? பிடித்தேன். தீரும்வரை பிடித்தேன்.

நாலாவது மூட்டை...

அதைக் கமலம் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். சின்னப் பிள்ளைக்குக் கருமாதி என்று பெரிதாகச் செய்வதில்லை. ஆனாலும் பதினாறாம் நாள் ஒரு படையல் வைக்க நினைத்து, அரிசி இல்லாமல் கிழங்கையே வேக வைத்திருந்தார் அக்கா. நான் மூட்டையைச் சமையல்கட்டில் இறக்கினேன். அவர் கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தார். அன்றுதான் அவர் வாய்விட்டு அழுததை முதலில் பார்த்தேன்.

"எங்கப்பா கெடச்சது? ஒனக்கே இல்லாம எங்களுக்குக் குடுக்குறியே... எம்புள்ள ஒரு வருஷமா சோறு சோறுன்னு கேட்டா தம்பி."

அந்தச் சோற்றைத்தான் தேவகிக்குப் படைத்தார்கள். அவளுக்குப் பின்னால், ஆணி அடித்த பலகைக்குள் வந்த அரிசி அது. வாழையிலையில் ஆவி பறந்தது. என்னையும் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். சாப்பிட்டேன். நல்ல அரிசி.

சண்டை முடிந்த பிறகு பங்குச் சாமியார் திரும்பி வந்தார். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் முழங்காலிட்டேன். "சாமி, அரிசி கடத்தினேன்" என்றேன். பசிக்காகச் செய்தது, கடவுள் அறிவார் என்று சொல்லி, சில செபங்கள் சொல்லச் சொன்னார். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இல்லை, வாயெல்லாம் வந்தது. நான்தான் மூடிக்கொண்டேன். இரண்டொரு வருடம் கழித்து மறுபடி போனேன். அன்று கெட்ட வார்த்தை பேசியதைச் சொன்னேன்.

கிராணியார் சில வருடங்களில் இறந்துவிட்டார். அக்கா மகனோடு பாடாங் செராய்க்குக் குடிவந்தார். நானும் அங்கேதான் பட்டறை வைத்திருந்தேன். பாசாரில் சாமான் வாங்க வரும்போது வாரம் ஒருமுறையாவது பார்ப்பேன். அக்கா வீட்டில் ஆட்டுக்கல் கிடையாது. அம்மிகூடக் கிடையாது. கல் என்று எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மாவு வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் ஆட்டி வாங்குவார். மருமகள் வந்த பிறகு அதற்காக வீட்டில் சண்டை நடந்தது. ஊரில் அவருக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அதை நான் சொல்ல மாட்டேன்.

எப்போது பார்த்தாலும் எதையாவது பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வருவார்: "நீ அன்னைக்கே சொன்னப்பா. நான்தான் கேக்கல."

"விடுங்கக்கா" என்பேன்.

விடுங்கள் என்றால் என்ன அர்த்தம்? உங்கள்மேல்தான் தப்பு, ஆனாலும் போகட்டும் என்றுதானே அர்த்தம்? வாரம் ஒரு முறை அதைச் சொன்னேன். எத்தனை வாரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் அக்கா படுக்கையில் விழுந்தார். மகன் வந்து, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று கூப்பிட்டான். அன்று என் பக்கத்தில் மடியில் வந்த கைக்குழந்தை அவன். தலை நரைத்துவிட்டது. அவனை வெளியே அனுப்பிவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை காய்ந்துபோயிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு. கல்ல நீ சொன்ன எடத்துல வெச்சிருந்தா, அவ பொழச்சிருப்பாளா?"

என்ன கேட்டார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கு விடை தெரியும் என்பதும் தெரியும். கல்லால் இல்லைக்கா. அவ்வளவு சொன்னால் போதும். அரிசியைக்கூடச் சொல்ல வேண்டாம், விதி என்று ஒரு பொய்யாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சாகக் கிடந்தவரிடம் எனக்கு என்ன பயம்? போலீஸா, ஜப்பான்காரனா? எவனும் இல்லை. ஆனால் கல்லால் இல்லை என்றால், வேறு எதனால் என்று கேட்பாரே... அந்தக் கண்கள் என்னை அப்போது எப்படிப் பார்க்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடமாக அவர் என்னை நல்லவனாகத்தான் பார்த்திருக்கிறார்.

"பொழச்சிருப்பாக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். அன்று வாய்க்கால் ஓரத்தில் ஆட்டியது போலவே ஆட்டினார்.

"எல்லாரும் எம்முன்னால கல்லால இல்ல, கல்லால இல்லன்னு எம்மனசுக்காகச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் நம்பல. நீ சொன்னா நம்பலாம்னு இருந்தேன்" என்றார். "நீ பொய் சொல்ல மாட்ட."

என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து இறந்துபோனார்.

மகன் என்னைப் பாடை தூக்கக் கூப்பிட்டான். முன்பக்கம் நான் நின்றேன். அக்கா எடையே இல்லாமல் இருந்தார். ஒரு கையால் தூக்கியிருக்கலாம்.